மூன்றாம் பிரிவும் பிணையும்: பொலிஸ் மா அதிபருக்கும் சட்டமா அதிபருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பற்றியது இந்த மடல். நீதிமன்ற வளாகத்தில் யாரும் இவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. "ஐசிசிபிஆரில போட்டிட்டாங்கள்" என்பார்கள். அடுத்து வருவது, "அப்ப நீதவான் பிணை தரேலாதே?" என்ற கேள்வி. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறோம். இவ்வகை வழக்குகளில் சந்தேகநபர்களுக்காகத் தோன்றுகிறவர்களும், அவர்களுக்கான மனுக்களை வரைகிறவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது.

3ஆம் பிரிவின் சொற்கள் குறுகியவை. போருக்கான பரப்புரை ஒரு பக்கம் இருக்கட்டும். மீதி என்ன சொல்கிறது? தேசிய, இன அல்லது மத வெறுப்பை ஒருவர் முன்னிறுத்திப் பேச வேண்டும். அந்தப் பேச்சு பாரபட்சத்துக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டுதலாக அமைய வேண்டும். இரண்டும் இருந்தால்தான் குற்றம். "மனம் புண்பட்டது" என்ற சொற்றொடர் அந்தப் பிரிவில் எங்கும் கிடையாது. "அவமதிப்பு" கிடையாது. "பௌத்தத்துக்கு இழுக்கு", "இஸ்லாத்துக்கு இழுக்கு" எதுவும் கிடையாது.

புண்பட்ட மனத்துக்கான பிரிவுகள் வேறிடத்தில் இருக்கின்றன. தண்டனைச் சட்டக்கோவையின் 291அ, மத உணர்வைப் புண்படுத்தும் திடமான நோக்கத்தோடு பேசுவதைக் குற்றமாக்குகிறது. உச்ச தண்டனை ஓராண்டு. 291ஆ, ஒரு வகுப்பாரின் மதத்தை இழிவுபடுத்தி அவர்களைக் கொதிக்கச் செய்யும் திட்டமிட்ட, தீய நோக்கத்தைக் குற்றமாக்குகிறது. உச்சம் இரண்டு ஆண்டு. இரண்டும் இந்தியாவின் பழைய தண்டனைச் சட்டத்தின் 298, 295அ பிரிவுகளின் உடன்பிறப்புகள். 295அ 1927இல் லாகூரில் எழுந்த கொந்தளிப்பை அடக்கக் காலனி அரசு போட்டது. இந்தப் பிரிவுகளே எங்களுக்கு உவப்பானவை அல்ல. ஆனால் அவற்றில் தண்டனைக்கு ஓர் அளவு இருக்கிறது. "திட்டமிட்ட, தீய நோக்கம்" என்ற கடினமான சொற்களும் இருக்கின்றன.

ஐசிசிபிஆர் சட்டத்தின் 3ஆம் பிரிவுக்கோ பத்து ஆண்டுவரை கடூழியச் சிறை. 3(4) உப பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: பிடியாணை இன்றிக் கைது செய்யலாம், பிணையில் விட முடியாது, மேல் நீதிமன்றம் மட்டுமே "விதிவிலக்கான சூழ்நிலைகளில்" பிணை வழங்கலாம். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு என்கிறது. பிணை பற்றித் தனியே ஏற்பாடு செய்துள்ள சட்டங்களுக்கு அது பொருந்தாது என்பதால் ஐசிசிபிஆர் அதன் கைக்கு எட்டாமல் போய்விடுகிறது. கொலைக்கும் மேல் நீதிமன்றத்தில்தான் பிணை, நகைச்சுவைக்கும் மேல் நீதிமன்றத்தில்தான் பிணை.

பொறுப்பதிகாரியின் மேசையில் நடப்பது இதுதான். ஒரு குழு கையில் அச்செடுத்த திரைப்பிடிப்போடு வருகிறது. கூட வந்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள், யாரோ நேரலை ஓட்டிக்கொண்டிருக்கிறார். 291ஆ மட்டும் போட்டால், நீதவான் அன்றைக்கே பிணையில் விட்டுவிடக்கூடும். வாசலில் நிற்பவர்கள் கலையமாட்டார்கள். 3ஆம் பிரிவையும் சேர்த்துவிட்டால் நீதவானின் கை கட்டப்படுகிறது, கூட்டம் கலைகிறது, நிலையம் அமைதியாகிறது. பொலிஸ் நீதவானுக்குச் சமர்ப்பிக்கும் 'பி' அறிக்கையில் "ஐசிசிபிஆர் 3, தண்டனைச் சட்டக்கோவை 291அ, 291ஆ, கணினிக் குற்றச் சட்டம்" என்று ஒரு சரம் வருவது இதனால்தான். அந்தச் சரத்துக்குக் கீழே, சந்தேகநபர் யாரை என்ன செய்யும்படி தூண்டினார் என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. "பௌத்த மக்கள் மத்தியில் கடும் அதிருப்தி நிலவுகிறது" என்றிருக்கும். அதிருப்தி, கேட்டவர்களின் நிலை. தூண்டுதல், பேசியவரின் செயல். முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதை நிரூபித்ததாக எண்ணுவதே இந்த வழக்குகளின் அடிப்படைக் கோளாறு.

அதன் பிறகு நாட்கள் ஓடும் விதம் உங்களுக்குத் தெரியும், வாசகர்களுக்காகச் சொல்கிறோம். 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்துவார்கள். விளக்கமறியல். பதினான்கு நாளில் மறு தவணை, மீண்டும் விளக்கமறியல். இதற்கிடையில் சட்டத்தரணி 'பி' அறிக்கைக்கும் வழக்கேட்டுக்கும் சான்றுபடுத்தப்பட்ட பிரதி கேட்டு நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கான எழுத்து விண்ணப்பம்) போட வேண்டும். பிரதி கிடைத்த பிறகே மேல் நீதிமன்றத்தில் மனுவும் சத்தியக்கடதாசியும். சட்டமா அதிபருக்கு அறிவித்தல் போகும். முதல் தவணையில் அரச சட்டத்தரணி ஆட்சேபணை தாக்கல் செய்ய நாள் கேட்பார். நீதிமன்ற விடுமுறை குறுக்கிட்டால் இன்னும் சில வாரம். யாரும் தாமதம் செய்ய வேண்டும் என்று நினைக்காமலேயே ஒன்றரை மாதம் போய்விடுகிறது. அரசியலமைப்பின் 126(2) படி அடிப்படை உரிமை மனுவுக்குள்ள கெடுவோ ஒரே ஒரு மாதம். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த மாதத்துக்குள் முறைப்பாடு செய்து விசாரணை நிலுவையில் இருந்தால் அந்தக் காலம் கணக்கில் சேராது. ஆனால் உள்ளே இருப்பவருக்கு அதைச் சொல்ல ஆள் வேண்டுமே.

பெயர் அறிந்த வழக்குகளையே எடுப்போம். எழுத்தாளர் சக்திக சத்குமார 2019 ஏப்ரல் 1ஆம் திகதி பொல்கஹவெல பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கப் போன இடத்தில் கைதானார். முகநூலில் வெளியிட்ட ஒரு சிறுகதை விகாரைச் சூழலில் நடக்கும் பாலியல் விடயத்தைத் தொட்டிருந்தது என்பது முறைப்பாடு. ஆகஸ்ட்டில்தான் பிணை. குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்போவதில்லை என்று சட்டமா அதிபர் திணைக்களம் 2021 பெப்ரவரியில் சொன்னது. நான்கு மாதச் சிறையையும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு அலைச்சலையும் அனுபவித்த பிறகு, குற்றமே இல்லை என்று தெரிந்துகொண்டோம். ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ரம்ஸி ராசீக், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பரப்புரையைப் பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு எதிர்கொள்ள வேண்டும் என்று எழுதினார். அதைக் "கருத்தியல் ஜிஹாத்" என்று அழைத்தது போதுமாகிவிட்டது. 2020 ஏப்ரல் 9இல் கைது, செப்டெம்பர் 17இல் பிணை. 2023 நவம்பரில் நாட்டின் அதியுச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து 10 இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு இன்று ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும். நகைச்சுவைக் கலைஞர் நடாஷா எதிரிசூரிய அதே ஆண்டு மே மாத இறுதியில் கட்டுநாயக்கவில் கைதாகி, ஜூலை 5இல் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் பிணை பெற்றார். ஐந்து வாரத்துக்கு மேல் உள்ளே.

2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் அணிந்திருந்த ஆடையையும் மறக்க முடியாது. அதில் அச்சிட்டிருந்தது தர்மச்சக்கரம் என்று கைது செய்தார்கள். அது கப்பலின் சுக்கான் சக்கரம். இரண்டையும் பிரித்தறிய நிபுணர் வேண்டாம். சுக்கானில் ஒவ்வொரு ஆரமும் வளையத்தைத் தாண்டி வெளியே நீண்டு, மாலுமி பிடிக்கும் கைப்பிடியாக முடிகிறது. ஆடையை மேசையில் விரித்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். அப்படியே தர்மச்சக்கரமாக இருந்தாலும், ஆடை அணிந்து கடைத்தெருவுக்குப் போவது யாருக்கு எதிராக எவரைத் தூண்டுகிறது? உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிந்திய அந்த மாதத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் அவர் விளக்கமறியலில் இருந்தார். அந்தக் கைதுக்குப் பிறகு மனித உரிமைகள் ஆணைக்குழு 3ஆம் பிரிவின் எல்லை பற்றி ஒரு சட்ட ஆய்வை எழுதி அன்றைய பதில் பொலிஸ் மா அதிபருக்கு அனுப்பியது. ஆய்வு தெளிவானதுதான். அடுத்த ஆண்டே ராசீக் கைதானார்.

மத நம்பிக்கையின் வெளிப்பாடே குற்றமாகும் இடம் இன்னும் சிக்கலானது. போதகர் ஜெரோம் பெர்னாண்டோ 2023இல் பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம் பற்றித் தன் சபையில் பேசிய பேச்சு பலருக்குக் கசந்தது. எங்களில் சிலருக்கும் கசந்தது. டிசம்பரில் கைதாகி 2024 ஜனவரியில் மேல் நீதிமன்றப் பிணையில் வந்தார். தன் மார்க்கமே உண்மை, மற்றவை குறையுடையவை என்று சொல்லாத மதம் இந்தத் தீவில் எது? திருஞானசம்பந்தர் பதிகங்களின் பத்தாம் பாடல்களில் சமணரும் சாக்கியரும் வாங்கிக் கட்டிக்கொள்வதைத் தேவாரம் பாடுகிற எல்லோரும் அறிவார்கள். திருக்கேதீச்சரத்திலும் திருக்கோணேச்சரத்திலும் அவை ஓதப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் மிஷனரிகளுக்கு எழுதிய மறுப்புகளில் இருந்த சூடு சாதாரணமானதல்ல. 1873 ஆகஸ்ட்டில் பாணந்துறையில் மீகெட்டுவத்தே குணானந்த தேரர் இரண்டு நாள் ஆயிரக்கணக்கானோர் முன் பைபிளை வரிவரியாகக் கிழித்தார். எதிர்த்தரப்பும் பௌத்த நூல்களை விட்டுவைக்கவில்லை. இலங்கைப் பௌத்த மறுமலர்ச்சியின் தொடக்கமாகப் பாடப்புத்தகங்கள் கொண்டாடும் விவாதம் அது. இன்றைய 'பி' அறிக்கை வாசகத்தின்படி பார்த்தால் இரு தரப்பும் வெலிக்கடைச் சிறையில் இருந்திருக்கும்.

அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது என்ற வாதம் உடனே வரும். அதே உறுப்புரை 10ஆம், 14(1)(உ) உறுப்புரைகளின் உரிமைகளை எல்லா மதங்களுக்கும் உறுதிசெய்கிறது என்ற மீதி வாக்கியத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். 10ஆம் உறுப்புரையின் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்துக்கு 15ஆம் உறுப்புரை எந்தக் கட்டுப்பாட்டையும் விதிக்கவில்லை. ஐ.நா. மனித உரிமைக் குழுவின் 34ஆம் பொதுக் கருத்துரை, 2011இல், 48ஆம் பந்தியில், மத நிந்தனைத் தடைகள் சமவாயத்துக்கு முரணானவை என்று சொல்லிவிட்டது. சமவாயத்தின் 20(2) விவரிக்கும் தூண்டுதல் மட்டுமே விலக்கு. எங்கள் 3ஆம் பிரிவு அந்த 20(2)இன் பிரதி. அதையே மத நிந்தனைச் சட்டமாக ஓட்டினால், சமவாயத்தைக் கொண்டே சமவாயத்தை மீறுகிறோம்.

அப்படியானால் 3ஆம் பிரிவு வேண்டாமா? வேண்டும். முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் முடிந்த 2014 ஜூன் 15 அளுத்கம கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். பேசியவர் பெரும் கூட்டத்தை அசைக்கக்கூடியவர். கூட்டம் ஏற்கெனவே கொதித்திருந்தது. இலக்கான சமூகத்தின் வீடுகளும் கடைகளும் அருகிலேயே. பேச்சு முடிந்து ஊர்வலம் அந்தப் பக்கமே திரும்பியது, உயிர்கள் போயின. வெறுப்புத் தூண்டுதலை அளக்க ஐ.நா. முயற்சியில் 2012இல் மொரோக்கோவின் ரபாத்தில் வகுத்த ஆறு அளவுகோல்களையும் (சூழல், பேசியவரின் நிலை, நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், பரவிய அளவு, தீங்கு நிகழும் வாய்ப்பு) ஒருசேர நிரப்பும் சம்பவம் அது. 3ஆம் பிரிவு சட்டப் புத்தகத்தில் ஏழு ஆண்டாக இருந்தும் அப்போது பேசியவர்கள்மீது பாயவில்லை. அந்தக் கூட்டத்தில் பேசிய கலகொட அத்தே ஞானசார தேரர் 2016இல் இஸ்லாம் பற்றிப் பேசியதற்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் நான்கு ஆண்டு கடூழியச் சிறை விதித்தது 2024 மார்ச்சில். சிறுகதைக்கு வாக்குமூலம் கொடுக்கப் போன நாளிலேயே கைது, இதற்குத் தண்டனை வர எட்டு ஆண்டு. யாருக்கு எதிராக இந்த இயந்திரம் வேகமாக ஓடுகிறது, யாருக்கு மெதுவாக ஓடுகிறது என்பதை உங்கள் கோப்புகளே சொல்லும்.

பொலிஸ் மா அதிபரிடம் கேட்பது ஒரு சுற்றறிக்கை. 3ஆம் பிரிவின் கீழ் எந்தக் கைதும், பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரின் எழுத்துமூல அனுமதியும் சட்டமா அதிபர் திணைக்களத்தின் எழுத்துமூல ஆலோசனையும் இல்லாமல் நடக்கக்கூடாது. வன்முறை கண்முன்னே தொடங்கும் நிலையில் மட்டும் விலக்கு. அப்போதும் 48 மணி நேரத்துக்குள் ஆலோசனை பெற வேண்டும். முறைப்பாட்டைப் பதியும்போது திரைப்பிடிப்பை மட்டும் ஏற்கக்கூடாது. முழுக் காணொளி அல்லது முழுப் பதிவு, அதன் இணைப்பு, பதிவேற்றிய திகதி, முறைப்பாட்டாளர் அதை எங்கே எப்போது பார்த்தார் என்பன வேண்டும். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் நாற்பது செக்கன் வெட்டி, அதற்கு இசையும் தலைப்பும் சேர்த்து, மூன்றாம் ஆள் பரப்பிய துண்டே பல வழக்குகளின் அடித்தளம். பரப்பியவரை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பது தனி வேடிக்கை.

'பி' அறிக்கையின் முதல் பக்கத்திலேயே மூன்று வரிகள் கட்டாயமாக்கப்பட வேண்டும். தூண்டியதாகச் சொல்லப்படும் சொற்கள் எவை, அப்படியே மேற்கோளாக. எந்தச் சமூகத்துக்கு எதிராக. என்ன செயலுக்கு. இந்த மூன்றையும் நிரப்ப முடியாவிட்டால் 3ஆம் பிரிவு அந்த அறிக்கையில் வரக்கூடாது. நீதவானுக்கும் இது உதவும். பிணை தர அதிகாரம் இல்லை என்பதற்காக, காட்டப்பட்ட விடயங்களில் அந்தக் குற்றமே தெரிகிறதா என்று பார்க்கும் கடமை அவரிடமிருந்து போய்விடவில்லை. அதைப் பார்க்க அவருக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும்.

தமிழில் எழுதியதை விசாரிக்கும்போது ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. கவிஞர் அஹ்னாப் ஜசீம் 2020 மே மாதம் கைதானது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ். அது வேறு சட்டம், ஆனால் நோய் ஒன்றே. அவரது தமிழ்க் கவிதைகள் வன்முறைக்கு எதிராகப் பேசின. விசாரணையாளர்கள் வாசித்த சிங்கள மொழிபெயர்ப்பில் அவை தீவிரவாதமாகிவிட்டன. பத்தொன்பது மாதத்துக்குப் பின் பிணை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தில் விடுதலை. கைதுக்கு முன்னரே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் முழு மொழிபெயர்ப்பு வேண்டும். கவிதை, சமயச் சொற்பொழிவு என்றால் அந்தத் துறை தெரிந்த இரண்டாம் ஒருவரின் குறிப்பும் வேண்டும்.

"கைது செய்யாவிட்டால் அவருக்கே ஆபத்து, கூட்டம் அடித்துவிடும்" என்ற நியாயம் அதிகாரிகளிடமிருந்து அடிக்கடி வரும். அது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் மிரட்டுபவர்களுக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 486ஆம் பிரிவு இருக்கிறது. அமைதி காக்கப் பிணைமுறி எழுதி வாங்கும் அதிகாரமும் இருக்கிறது. மிரட்டப்பட்டவரைப் பூட்டி வைப்பது, அடுத்த முறை இன்னும் பெரிய கூட்டத்தோடு வரலாம் என்று மிரட்டியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

சட்டமா அதிபரிடம் மூன்று கோரிக்கைகள். ஆலோசனைக்கு வரும் 3ஆம் பிரிவுக் கோப்புகளுக்கு முப்பது நாள் கெடு வையுங்கள். மேல் நீதிமன்றப் பிணை மனுக்களில், தூண்டுதல் புலப்படாத இடத்தில் முதல் தவணையிலேயே ஆட்சேபணை இல்லை என்று சொல்ல அரச சட்டத்தரணிகளுக்கு அறிவுறுத்துங்கள். ஆட்சேபணைக்கென்று கேட்கும் இரண்டு வாரம் உங்களுக்கு ஒரு தவணை, உள்ளே இருப்பவருக்குப் பதினான்கு இரவு. 3(4)ஐ நீக்கி, இக்குற்றத்தைப் பிணைச் சட்டத்தின் கீழ் கொண்டுவரும் திருத்தத்தை நீதி அமைச்சருக்குப் பரிந்துரையுங்கள். ஒரே ஒரு உப பிரிவு. அதை எடுத்துவிட்டாலே 3ஆம் பிரிவைத் தவறாகப் போடும் ஆசை பாதி குறைந்துவிடும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 291அ, 291ஆ போன்ற குற்றங்களைப் "பொய்யான கூற்று" என்ற பெயரில் இணையத்துக்கு மறுபடி எழுதிவைத்திருக்கிறது. ஒரு மதக் கூற்று பொய்யா மெய்யா என்று எந்த ஆணைக்குழு தீர்மானிக்கும்? அந்த உறுப்புகளும் அதே திருத்தத்தில் போக வேண்டும்.

கடைசியாக, முடிந்துபோன வழக்குகளின் எச்சங்கள். குற்றப்பத்திரம் வராது என்று தெரிந்த பின்னும் கைத்தொலைபேசியும் மடிகணினியும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடமோ பொலிஸ் சான்றுப்பொருள் அறையிலோ கிடக்கின்றன. கடவுச்சீட்டு நீதிமன்றப் பதிவாளரிடம் இருக்கிறது. பயணத்தடை நீக்கப்பட்ட கட்டளை குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய்ச் சேராததால் விமான நிலையத்தில் மறுபடி நிறுத்துகிறார்கள். சாதனங்களின் பிரதியை முப்பது நாளுக்குள் எடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டோடு திருப்பிக் கொடுக்கவும், விடுவிப்புக் கட்டளையை அன்றே மின்னஞ்சலில் அனுப்பவும் உங்கள் இரு திணைக்களங்களுக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
3ஆம் பிரிவு வழக்குகளில் தோன்றும் சட்டத்தரணிகளும் சட்ட உதவிப் பணியாளர்களும்

பிரதிகள்: நீதி அமைச்சர்; இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுத் தலைவர்; இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கத் தலைவர்